சம்பந்தி வீட்டுக்குப் போகிற மாதிரி

மீனாட்சி கல்யாணத்தில் பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுப்பவர் யார் என்று கேட்டால், மதுரைக்காரர்களிலேயே பலர் ‘அழகர்’ என்பார்கள். இல்லை. தாரைவார்ப்பவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். அதற்கென்றே அவரும் முருகனும் குன்றத்திலிருந்து கிளம்பி மதுரைக்கு வருகிறார்கள். அழகர் மலையை விட்டு இறங்கி வந்து சேர்வதற்குள் தாலி கட்டி, மொய் எழுதி, விருந்தும் முடிந்துவிடுகிறது. தங்கை கல்யாணத்துக்குப் பிந்திப்போன அண்ணன் கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் ஆற்றோடு திரும்புகிறார் என்பது சனங்கள் சொல்லும் கதை. கோயில் சொல்லும் கதை வேறு. மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்கத்தான் அவர் வைகைக்கு வருகிறார், கல்யாணத்துக்கே வரவில்லை. இரண்டு கதையும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில், ஒன்றையொன்று இடிக்காமல் நடக்கிறது.

மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவோடு சேர்த்தவர் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659). சைவ வைணவ ஒற்றுமைக்காகச் செய்தார் என்பது மேடைப் பேச்சு. மாசி அறுவடை நேரத்தில் தேரிழுக்க ஆள் போதவில்லை என்றும் ஒரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவது காரணத்தின் மேல்தான் பிரியம். வடம் பிடிக்க ஆள் தேடித்தான் ஒற்றுமை வந்தது என்றால் அதில் ஒரு குறையும் இல்லை.

இந்த ஊர் ‘எல்லாச் சாமியும் ஒன்று’ என்று சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை. ‘எல்லாரும் உறவு’ என்றுதான் சொல்லியிருக்கிறது. அண்ணன், தங்கை, மாப்பிள்ளை, சம்பந்தி. உறவு என்றால் கோபம் உண்டு, சீர் உண்டு, அவரவருக்குத் தனி அடுப்பும் உண்டு. அடுத்தவர் வழிபாட்டில் தெய்வத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு இதுதான் நல்ல அளவுகோல். சம்பந்தி வீட்டுக்குப் போனால் நேரே அடுப்படிக்குள் நுழைய மாட்டோம், வாசலில் நின்றுவிட்டுத் திரும்பவும் மாட்டோம். இனி வருவதெல்லாம் அந்த முறைகள்தான்.

முதலில் ஆற்றங்கரை. கொடியேறிய பத்தாம் நாள் கல்யாணம், பதினோராம் நாள் தேர். தேரன்றே மூன்றுமாவடியில் அழகருக்கு எதிர்சேவை, அதாவது ஊர் எதிர்கொண்டு வரவேற்பது. மறுநாள் பௌர்ணமி விடியலில் ஆற்றில் இறங்குவார். இடையில் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மாலையைச் சூடிக்கொள்கிறார். தர்கா இருக்கும் கோரிப்பாளையத்தைக் கடந்துதான் ஆற்றுக்கு வருகிறார். கையில் கொண்டுபோக வேண்டியது ஒரு செம்பு நிறைய நாட்டுச்சர்க்கரை, மேலே வாழையிலைத் துண்டு, அதன்மேல் சூடம். இலை இல்லாமல் சர்க்கரை மேலேயே சூடம் வைத்தால் சர்க்கரை உருகிக் கருகும், செம்பும் கைசுடும். தண்ணீர் பீய்ச்ச தோல்பையும் சின்னக் குழாயும் போதும். விசைப்பம்பு வேண்டாம். அழுத்தம் கூடினால் சாமியின் மேலும், குதிரை வாகனத்தோடு நிற்கும் பட்டர்கள் முகத்திலும் அறையும். 2022-ல் நெரிசலில் இரண்டு உயிர் போனது. இறங்கும் இடத்துக்கு மிக அருகில், கரைச்சுவருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிற்காதீர்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் எதிர்சேவையிலோ ராமராயர் மண்டபத்திலோ பார்ப்பதே நல்லது.

அழகர் இரவு தங்கும் வண்டியூரில், பெருமாளுக்குத் துணைவியான இஸ்லாமியப் பெண் என்று சொல்லப்படும் துலுக்க நாச்சியார் கதை உண்டு. அங்கே அவர் தங்குவது வீரராகவப் பெருமாள் கோயிலில். ஆனால் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்றே சனங்கள் நம்புகிறார்கள். ஸ்ரீரங்கத்திலும் துலுக்க நாச்சியார் உண்டு, அவருக்குக் கோதுமை ரொட்டி நைவேத்தியம் ஆகிறது. வரலாறா கற்பனையா என்று சண்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: 1311-ல் மாலிக் கபூர் படையெடுப்பு, பிறகு சுமார் நாற்பது ஆண்டு மதுரை சுல்தான்கள் ஆட்சி, 1371 வாக்கில் குமார கம்பணர் வந்து மீட்டது என்று இவ்வளவும் நடந்த ஊர் இது. அதற்குப் பிறகும் அந்தப் பக்கத்தை ஒரு பெண் கொடுத்த வீடாகக் கதையில் வைத்திருக்கிறது. அழகர் வேடம் கட்டுகிறவர்களுக்கான உடைகளைத் தைத்துவந்த புதுமண்டபத் தையல்காரர்களில் இஸ்லாமியர் நிறைய. கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

அந்தப் பவளக்கனிவாய்ப் பெருமாள் இருக்கும் திருப்பரங்குன்றக் குடைவரையை நின்று நிதானமாகப் பாருங்கள். 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஒரே குகைக்குள் ஐந்து சந்நிதி: முருகன், துர்க்கை, கற்பக விநாயகர், சத்தியகிரீசுவரர், பெருமாள். சிவனுக்கு நேர் எதிரே நந்தி இருக்க வேண்டிய இடத்தில் பெருமாள் நிற்கிறார். முருகன் மலைப்பாறையிலேயே செதுக்கியவர் என்பதால் அவருக்கு அபிஷேகம் கிடையாது, வேலுக்குத்தான். பாலை மூலவருக்கு ஊற்றச் சொல்லி அர்ச்சகரோடு மல்லுக்கு நிற்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் வரிசை கொஞ்சம் நகரும். மலையுச்சியில் சிக்கந்தர் தர்கா, சரிவில் சமணப் படுகைகள். இந்த மலை இப்போது வழக்கும் போராட்டமுமாகக் கிடக்கிறது. ஏறும் எண்ணமிருந்தால் அன்றைக்குத் தடை ஏதும் உண்டா என்று அடிவாரத்தில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். வேறு கருத்து சொல்ல இது இடமில்லை.

மீனாட்சி கோயிலைப் பற்றிச் சுருக்கமாக. மதுரையில் அம்மன்தான் முதலில். கிழக்கே அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்து, அம்மனைப் பார்த்துவிட்டு, முக்குறுணிப் பிள்ளையாரிடம் வந்து, சொக்கரிடம் போக வேண்டும். முக்குறுணி என்றால் மூன்று குறுணி, பதினெட்டுப் படி. விநாயகர் சதுர்த்திக்கு அவ்வளவு அரிசியில் ஒரே கொழுக்கட்டை. வெள்ளியம்பலத்தில் நடராசர் வலக்காலைத் தூக்கி ஆடுவதைப் பார்க்காமல் வந்தால் பாதிக் கோயில்தான் பார்த்த கணக்கு. செல்பேசி உள்ளே கிடையாது. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், சாயங்காலம் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். இந்து அல்லாதவர்கள் பிரகாரம் சுற்றலாம், சந்நிதிக்குள் போக முடியாது என்று அறிவிப்புப் பலகையே உண்டு. வேற்று மத நண்பரை அழைத்துப் போகிறவர்கள் இதை வாசலுக்கு வெளியிலேயே சொல்லிவிட வேண்டும். உள்ளே போய்ப் பலகைக்கு முன்னால் அவரை நிறுத்துவது விருந்தாளியை அவமானப்படுத்துவது.

இதே கோயிலுக்குத்தான் ரௌஸ் பீட்டர் தங்க அங்கவடி (குதிரையில் ஏறியவர் கால் வைக்கும் வளையம்) கொடுத்தார். 1812 முதல் 1828 வரை மதுரைக் கலெக்டர், கிறிஸ்தவர். இடி மழையில் ஒரு சிறுபெண் கூப்பிட்டு அவரை வீட்டுக்கு வெளியே அழைத்து வந்தாள், வீடு இடிந்தது, அவள் காலில் செருப்பில்லை என்பதைக் கவனித்தார், வந்தது மீனாட்சிதான் என்று நம்பினார் என்பது கதை. கதையை நம்பலாம், நம்பாமலும் போகலாம். அங்கவடி இருக்கிறது. அம்மன் குதிரை வாகனத்தில் வரும்போது காலில் மாட்டுகிறார்கள், ‘பீட்டர் பாதுகம்’ என்றே பெயர். அவர் மதம் மாறவில்லை, சந்நிதிக்குள் போக அனுமதி கேட்டதாகவும் கதையில் இல்லை. சீர் கொடுத்தார், கோயில் வாங்கிக்கொண்டது.

உறவு என்று சொன்னதால் இரத்தமே சிந்தவில்லை என்று நினைக்க வேண்டாம். சம்பந்தர் கூன்பாண்டியன் சபையில் சமணரோடு அனல்வாதம், புனல்வாதம் செய்ததையும், தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறியதையும் பெரியபுராணம் சொல்கிறது. அந்த எண்ணிக்கையை வரலாற்று ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. சண்டையே நடக்கவில்லை என்று துடைத்துவிடவும் முடியாது. ஆனால் மேற்கே சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனால் ஒரு கணக்கு இடிக்கும். சம்பந்தர் 7-ம் நூற்றாண்டு. அங்கே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் தீர்த்தங்கரர்களும் வட்டெழுத்தும் 9, 10-ம் நூற்றாண்டு. கழுவேற்றக் கதைக்கு இருநூறு முந்நூறு வருடம் கழித்தும் சமணர் இங்கே பள்ளி நடத்தி, கொடை வாங்கி, சிலை செதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு ஊர்க்காரர்கள் அந்தச் சிலைகளை உடைக்கவில்லை. நீண்ட காதோடு உட்கார்ந்திருந்த மகாவீரரைச் செட்டியார் என்று எண்ணிச் செட்டிப்புடவு என்று பெயர் வைத்தார்கள். பள்ளத்துக்குப் பேச்சியம்மன் பெயர். அடிவாரத்தில் அய்யனாரும் கருப்பும் காவல். யார் என்று தெரியாமலே சொந்தமாக்கிக்கொள்வது ஒரு வகை ஒற்றுமைதான். அறிவு குறைவு என்று அதைச் சிரிக்க எனக்கு மனமில்லை.

மலைக்குக் காலை 6 மணிக்குப் போய் 9 மணிக்குள் இறங்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும், நிழல் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். மழை பெய்த மறுநாள் பாறையில் பாசி வழுக்கும், அன்றைக்கு வேண்டாம். சிலைகளுக்குக் கிட்டே செருப்பைக் கழற்றுங்கள். எண்ணெய், பால், குங்குமம், சூடம் எதுவும் வேண்டாம். பக்தியில் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கல் கறுத்துப்போகிறது, சூடச் சூட்டில் கல்லின் மேல்தோல் செதில் செதிலாக விடுகிறது. எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்புக்கட்டியால் தேய்ப்பது அதைவிட மோசம். காலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது எழுத்து தானே எழுந்து தெரியும், அதுவரை பொறுத்தால் போதும். சும்மா உட்காருங்கள். துறவிகள் உட்கார்வதற்காகத் தேடிப் பிடித்த இடம் அது.

பள்ளிவாசல் வேறு, தர்கா வேறு. பலருக்கு இது குழம்பும். பள்ளிவாசல் தொழுகைக்கான இடம். அங்கே உருவமோ நேர்த்திக்கடனோ கிடையாது. தர்கா இறைநேசர் அடக்கமான இடம். பாத்திஹா ஓதுவது, போர்வை, சந்தனம், சாம்பிராணி எல்லாம் அங்கேதான். தர்கா வழிபாட்டை ஏற்காத இஸ்லாமியர்களும் இருக்கிறார்கள். ஆகவே ‘உங்க தர்காவுக்குப் போய்ட்டு வந்தேன் பாய்’ என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்ல வேண்டாம். காஜிமார் பெரிய பள்ளிவாசலில் இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கிறது, மக்பரா என்னும் அடக்கத்தலம் உள்ளேயே உண்டு. கோரிப்பாளையத்தில் ‘கோரி’ என்பதே அடக்கத்தலத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது.

தர்காவுக்கு வியாழன் சாயங்காலம் கூட்டம் அதிகம், அமைதி வேண்டுமென்றால் வேறு நாள். ஆண்கள் தலையில் தொப்பியோ கைக்குட்டையோ, பெண்கள் முந்தானை. மல்லிகைப்பூ, ஊதுபத்தி, சர்க்கரை வாங்கிப் போகலாம். தேங்காய் உடைப்பது, கற்பூரம் காட்டுவதெல்லாம் அங்கே ஓதுபவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. பெண்கள் எந்த இடம் வரை போகலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிவாசலுக்குள் பார்க்கப் போனால் வெள்ளி மதியம் தவிருங்கள். தொழுதுகொண்டிருப்பவருக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். தொழுகைக்கு முன் ஒளு என்னும் சுத்தம் செய்யும் தொட்டியை வெறும் கால்கழுவும் குழாயாக நினைக்க வேண்டாம். அங்கே கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கை, தலை, கணுக்கால் வரை பாதம் என்று வரிசையுண்டு. அந்த வரிசையே ஒரு வழிபாடு. ஓரமாக நின்று ஒரு முறை பார்த்தால் புரிந்துவிடும்.

தேவாலயத்தில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்றுதான், ஆனால் பெரிய தப்பு. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணைக்கு எல்லாரும் வரிசையில் போவதைப் பார்த்து, பிரசாதம் என்று நினைத்து நாமும் போய்க் கை நீட்டுவது. அவர்களுக்கு அது கிறிஸ்துவின் உடல். திருமுழுக்குப் பெற்று முதல் நற்கருணை வாங்கியவர்களுக்கு மட்டும்தான். தெரியாமல் வாங்கிவிட்டால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள், குருவானவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கீழவெளி வீதி வியாகுல அன்னை பேராலயத்தில் திருப்பலி இல்லாத நடுப்பகலில் அரைமணி நேரம் அமைதி கிடைக்கும். மெழுகுவர்த்தியை அதற்கான தாங்கியில் மட்டும் ஏற்றுங்கள்.

கிறிஸ்தவம் இந்த ஊரில் காவி கட்டி வந்த கதையும் உண்டு. 1606-ல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி சந்நியாசி உடை, மரக்கறி உணவு என்று மாறி, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் படித்தார். சக பாதிரிகளே ரோமாபுரிக்குப் புகார் எழுத, 1623-ல் போப்பாண்டவர் அவர் முறைக்கு அனுமதி கொடுத்தார். அவரைச் சமரசவாதி என்று சொல்வது சரியில்லை, வந்தது மதம் மாற்றத்தான். ஆனாலும் அடுத்த வீட்டுக்குள் போகிறவன் அந்த வீட்டுப் பாஷையைப் படித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

எல்லா வாசலும் ஏறி இறங்கியாயிற்று, உள்ளே என்ன செய்வது? நான்கு மரபிலும் கைக்குள் அடங்கும் ஒரே கருவி மணிமாலை. ருத்திராட்சம் 108, அதோடு மேரு என்னும் தலைமணி ஒன்று. மேருவைத் தாண்டக் கூடாது, அங்கே மாலையைத் திருப்பி வந்தவழியே போக வேண்டும். சுட்டுவிரல் படாமல் நடுவிரலும் கட்டைவிரலும் உருட்ட வேண்டும். சமணருக்கும் 108, ஆனால் கணக்கு வேறு: அருகருக்கு 12 குணம், சித்தருக்கு 8, ஆசாரியருக்கு 36, உபாத்தியாயருக்கு 25, சாதுக்களுக்கு 27. இஸ்லாமியர் மாலையான தஸ்பீஹில் 33 அல்லது 99 மணி. தொழுகை முடிந்ததும் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. மாலை இல்லாமல் வலக்கை விரல் கணுக்களிலேயே எண்ணுகிறவர்களும் உண்டு. கத்தோலிக்கச் செபமாலையில் 59 மணி: அருள்நிறை மரியே 53, பரலோக மந்திரம் 6. திங்கள், சனி மகிழ்ச்சி. செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. வியாழன் ஒளி என்று நாளுக்கொரு தேவரகசியம் தியானிப்பார்கள். ஒளியின் தேவரகசியங்கள் 2002-ல் சேர்ந்தவை.

கெடுவது எங்கே என்றால், நான்கிலும் ஒரே இடத்தில்தான். எண்ணிக்கை இலக்காகிவிடும். மணி நகரும் வேகம் மூச்சைத் தாண்டும், வாய் தனியாக ஓடும், மனம் கரண்ட் பில் கட்டப் போய்விடும். அப்போது எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். 108-க்குப் பதில் 54, ஒரு மூச்சுக்கு ஒரு மணி. அப்படியும் ஓடினால் இன்னும் பாதி. இன்னொன்று: தஸ்பீஹில் ஓம் நமசிவாய எண்ணுவது, ருத்திராட்சத்தில் அருள்நிறை மரியே சொல்வது எல்லாம் பார்க்க அழகாக இருக்கும், பயன் குறைவு. ஒவ்வொரு மாலையும் தன் சொற்களின் நீளத்துக்கும் நிறுத்தத்துக்கும் ஏற்பக் கோத்தது. ஒன்றை எடுத்து ஒரு மண்டலம், 48 நாள், அதே நேரம், அதே இடம் என்று உட்கார்ந்த பிறகு அடுத்ததைப் பார்க்கலாம். பிறந்த வீட்டு மாலையில் தொடங்குவதே சுலபம், சொற்கள் ஏற்கெனவே வாயில் இருக்கும்.

கடைசியாகச் சாப்பாடு. உறவு ஒட்டுவதும் முறிவதும் இங்கேதான். சாமிக்குப் படைத்ததை இஸ்லாமியர் பலரும் கிறிஸ்தவர் சிலரும் சாப்பிட மாட்டார்கள். அது நம்மை ஒதுக்குவதல்ல, அவர்கள் வீட்டு விதி. படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துக் கொடுத்தால் சிக்கலே இல்லை. சமண வீட்டாருக்கு வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஆகாது, பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடும் ஆகாது. சபரிமலைக்கு மாலை போட்டவரிடம் பிரியாணி டப்பாவை நீட்டாதீர்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமை கத்தோலிக்கர் வீட்டுக்குக் கறி கொண்டுபோகாதீர்கள்.

எல்லாரும் ஒரே தூக்குவாளியோடு நிற்கும் இடம் நோன்புக்கஞ்சி. பிற்பகல் அசர் தொழுகையை ஒட்டி ஊற்றத் தொடங்குவார்கள், கறி போட்டதா இல்லையா என்று கேட்டு வாங்கலாம். வீட்டில் வைப்பதென்றால் ஒரு ஆழாக்குப் பச்சரிசி நொய், கால் ஆழாக்கு வறுத்த சிறுபருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், எட்டு ஆழாக்குத் தண்ணீர். பட்டை, கிராம்பு, ஏலம் தாளித்து, பத்துச் சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, இரண்டு பச்சைமிளகாய், ஒன்றரைத் தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு கைப்பிடி புதினா மல்லி வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதி வந்ததும் அரிசி, பருப்பு, வெந்தயத்தைப் போட்டுச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். கறி சேர்ப்பவர்கள் நூறு கிராம் கொத்துக்கறியை வதக்கும்போதே சேர்க்கலாம். வெந்தயம் ஒரு தேக்கரண்டியைத் தாண்டினால் கசக்கும். அரைமூடித் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி நுரை கட்டியதும் இறக்க வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். அடிப்பிடித்துவிட்டால் கிளறாதீர்கள், மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் தீய்ந்த வாசம் ஏறாது.

பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்தால் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. படைத்த சுண்டலைப் போடாமல் நாலு வாழைப்பழம் போடுங்கள். பகலில் நோன்பாளிகளிடம் கொண்டுபோய் நீட்டாமல், நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்ட பிறகு பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள்.